இடது கைத் தையல்

எல்லாப் பழியையும் என் வீட்டுக்காரர் கிரேக்கின் தொப்பைமேல் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாவம், அந்தத் தொப்பை ஒரு தப்பும் செய்யவில்லை. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆண்கள் கோட்டு ஒன்று உண்டு. முழங்கால்வரை தொங்கும், முன்பக்கம் பொத்தான் போடாமல் வளைந்து பின்னால் ஓடும், நடுவில் கொஞ்சம் தொப்பை இருந்தால்தான் எடுப்பாக நிற்கும். அதற்கென்றே செய்துவைத்த மாதிரி ஒரு மனுஷன் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். தைத்துப் போட்டால் என்ன என்று தோன்றியது.

என் பெயர் ஹெலினா. வயது நாற்பத்தாறு. ஔந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். குடியிருப்பது விஷ்ராந்த்வாடியில், மராத்தி பேசுகிற ஊர். கிரேக்கின் ஆட்கள் மூன்று தலைமுறையாகக் கட்கியில் இருப்பவர்கள், அவர் பேசும் தமிழில் பாதி இந்தி. நான் பாளையங்கோட்டையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். ஊரில் எல்லாரும் என்னை வாயாடி என்பார்கள். அந்த வாய் திறக்கவேண்டிய இடத்தில் திறக்கவில்லை, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பழைய காலத்து உடைகளை அந்தக் காலத்து முறையிலேயே தைத்துப் பார்க்கிற கூட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. முப்பது பேர். பல் டாக்டர், ஆர்க்கிடெக்ட், பெரிய கம்பெனியில் மேனேஜர், இப்படி. வருஷத்துக்கு ஒரு முறை ஔந்தில் ஹால் எடுத்து, தைத்ததைக் கொண்டுவந்து காட்டுவார்கள். மெஷின் தொடக்கூடாது. ஒவ்வொரு தையலும் சொந்தக் கையால் போட்டதாக இருக்கவேண்டும், அப்படி என்று ஒரு தாளில் கையெழுத்தும் போடவேண்டும். நான் சேர்ந்து இரண்டு வருஷம். இரண்டு வருஷமும் என் உருப்படியைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் இருந்த மேஜையில்தான் வைத்தார்கள். அவசரமாகப் போகிறவர்களும் ஆறுதலாகத் திரும்புகிறவர்களும் மட்டும் பார்த்தார்கள். மூன்றாவது வருஷம் நடு மேஜை எனக்குத்தான் என்று நான் மனதுக்குள் சபதம் போட்டிருந்தேன்.

கரும்பச்சைக் கம்பளித் துணி எடுத்தேன். சாப்பாட்டு மேஜை மூன்று மாதம் என் வசம். நானும் கிரேக்கும் கட்டிலில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். முதல் வெட்டிலேயே முன்பக்கத் துண்டு இரண்டையும் இடது பக்கத்துக்கே வெட்டித் தொலைத்தேன். மறுபடி போய்த் துணி எடுத்துவந்து வெட்டினேன். நீளத் தையல்கள், பொத்தான் ஓட்டைகள், ஓரம் மடிப்பது எல்லாம் ஒருவழியாக வந்தது. வராதது நெஞ்சும் காலரும். உள்ளே விறைப்பாகக் கேன்வாஸ் வைத்து, வெளியே தெரியாமல் ஆயிரக்கணக்கில் பொடித் தையல் போட்டு, துணியையும் கேன்வாஸையும் ஒன்றாக்கவேண்டும். நான் போட்டேன். கிரேக் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். நெஞ்சு உள்வாங்கிவிட்டது, காலர் ஊறின அப்பளமாக நெளிந்தது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, மழையில் நனைந்த கவர்னர் மாதிரி இருக்கிறேன் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் வேதாக்காவிடம் போனேன். வேதநாயகி. எங்களுக்குப் பின்தெருவில் இருக்கிறார். புடவைக்கு ஃபால் வைப்பது, பிளவுஸுக்கு ஹூக் தைப்பது எல்லாம் அவரிடம்தான். திருவண்ணாமலைப் பக்கத்து ஆள். முன்னே கடக்வாஸ்லாவில் இருந்தபோது ராணுவ ஆபீசர்களுக்குக் கோட்டு தைக்கிற கடை ஒன்றில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். வீட்டுக்காரர் கலியனுக்குக் கட்கியில் தொழிற்சாலை வேலை கிடைத்ததும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. உள்துணியை மடித்துத் தரச்சொல்லத்தான் போனேன்.

வேதாக்கா கோட்டை வாங்கி, காலரைப் புரட்டி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். "யாரு டீச்சர் இத தச்சது? பசி மயக்கத்துல தச்சிருப்பாங்க போல" என்றார். என் தோழி ஒருத்தி என்று சொன்னேன். அதுதான் முதல் பொய். அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் சிரிக்கவில்லை.

பிளேடை எடுத்து என் ஒரு மாத வேலையைப் பத்து நிமிஷத்தில் பிரித்துப்போட்டார். பிறகு துணியை விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தார். தட்டையாக வைத்துத் தைத்தால் காலர் கழுத்தில் உட்காராதாம், வளைவோடு தைத்தால் அந்த வளைவு அப்படியே நிற்குமாம். ஊசி இடது கையில் இருந்தது. எனக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். நான் போட்ட ஒவ்வொரு தையலும் வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தது. கடைசியில், விடுங்கள் டீச்சர், நீங்கள் பொத்தானைத் தையுங்கள் என்று சொல்லிவிட்டார். காலர், நெஞ்சு, இரண்டு கை ஏற்றியது எல்லாம் வேதாக்காதான். பத்து நாள். கேட்ட கூலியைக் கேட்ட அன்றே கொடுத்தேன். காசு கொடுத்து வாங்கின துணி என்னுடையது, காசு கொடுத்து வாங்கின தையல் மட்டும் எப்படி என்னுடையது இல்லாமல் போகும் என்று எனக்கு நானே வாதம் பண்ணிக்கொண்டேன். நீளத்தை வைத்துப் பார்த்தால் முக்கால்வாசித் தையல் நான் போட்டதுதான் என்றும் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

கோட்டைக் கையில் கொடுத்த அன்றைக்கு வேதாக்கா அதை உடனே விடவில்லை. தோள்பட்டையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஃபால் அடிச்சு அடிச்சு கை சும்மா கெடந்துச்சு டீச்சர். இத தச்ச பத்து நாளும் ராத்திரி நல்லா தூங்கினேன். உங்களுக்குப் பெரிய பெரிய ஆளுங்கள எல்லாம் தெரியும். எங்கயாச்சும் கோட்டு வேலை இருந்தா எனக்குச் சொல்லுங்க."

கண்டிப்பாகச் சொல்கிறேன் அக்கா என்றேன். மனசார சொன்னேன், அது சத்தியம். அந்த ஹாலுக்கு வந்து பார்க்கலாமா, கோட்டைப் போட்டு நடக்கும்போது முதுகு எப்படி நிற்கிறது என்று பார்க்கணும் என்று கேட்டார். உறுப்பினர்களை மட்டும்தான் விடுவார்கள் என்று சொல்லி வைத்தேன். அது இரண்டாவது பொய்.

நிகழ்ச்சி அன்று காலை நான் கோட்டை ஹேங்கரில் மாட்டிக்கொண்டு கீழே வந்தால், காரின் பின்சீட்டில் வேதாக்கா உட்கார்ந்திருக்கிறார். பட்டுப்புடவை, தலைநிறையப் பூ. கிரேக் கூப்பிட்டிருக்கிறார். இவர் பால் வாங்கப் போனபோது வழியில் பார்த்தாராம், உறுப்பினர் மட்டும்தானாமே என்று அக்கா கேட்டாராம், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, சலோ என்று அழைத்துவந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து, என்ன ஹெலினா, சீட் காலியாத்தானே இருக்கு என்றார். அந்த மனுஷனுக்கு ஒளிவுமறைவு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. கட்கி சிக்னலில் ஒரு ரிக்‌ஷாக்காரர், கிளம்பும்போதே கோட்டை மாட்டிக்கொண்டுவிட்ட கிரேக்கைப் பார்த்து எந்தக் கல்யாணத்தில் வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். வேதாக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹாலில் யாரோ இவர் யார் என்று கேட்டபோது, பக்கத்து வீட்டுக்காரர், சும்மா பார்க்க வந்தார் என்றேன். இந்தியில் சொன்னேன். வேதாக்காவுக்கு இந்தியும் தெரியும், மராத்தியும் தெரியும். இருபது வருஷமாக இந்த ஊரில் பிழைக்கிறவர். அவர் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

கோட்டை நடு மேஜைக்குக் கொண்டுபோனார்கள். தீர்ப்புச் சொல்ல ஆஷா காலே என்று ஒரு மேடம் வந்திருந்தார். நாடகங்களுக்கு உடை தைத்துக் கொடுக்கிற பட்டறை வைத்திருப்பவர். ஆள் அதிகம் பேசமாட்டார். கிரேக்கை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், கழற்றச் சொன்னார். காலரின் அடிப்பக்கத்தைப் புரட்டினார், வேதாக்கா செய்தது போலவே கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இந்தத் தையல் சாய்கிற பக்கத்தைப் பார்த்தால் இடது கைக்காரர் போட்டது மாதிரி இருக்கிறதே, நீங்கள் இடது கையா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். யோசிக்கவேயில்லை. எழுதுவது வலது கை, தைப்பது மட்டும் இடது கை என்று கூடவே ஒரு விளக்கமும் கொடுத்தேன். வாயாடி இல்லையா, விளக்கம் தானாக வந்தது. ஆஷா மேடம் தலையாட்டிவிட்டு, தம் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியும் கேன்வாஸும் ஊசியும் எடுத்து நீட்டினார். நாலு தையல் போட்டுக் காட்டுங்கள், எல்லாரும் பார்க்கட்டும் என்றார். முப்பது பேரும் சுற்றி வந்துவிட்டார்கள்.

இடது கையில் ஊசியை வாங்கினேன். அந்தக் கையால் நான் வாழ்நாளில் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. விரலெல்லாம் வேர்த்து, ஊசி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து தேடுகிற சாக்கில் தரையோடு தரையாகப் போய்விடமாட்டோமா என்று இருந்தது. எனக்கு முன்னால் ஒரு கை அந்த ஊசியை எடுத்தது. வேதாக்கா. ஊசியை ஆஷா மேடத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, டீச்சருக்கு நேற்றுக் கோட்டு தேய்க்கும்போது விரலில் சூடு பட்டுவிட்டது, நான்தான் மருந்து போட்டுவிட்டேன், ஊசி பிடிக்க முடியாது என்று தெளிவான இந்தியில் சொன்னார். சொல்லிவிட்டு என் இடது கையைத் தம் இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டார். சூடே படாத விரல் யார் கண்ணுக்கும் தெரியக்கூடாதே, அதற்காக.

ஆஷா மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டார். பேஷ்வாக்கள் ஆண்ட காலத்து நாடகம் ஒன்றில் வருகிற வெள்ளைக்காரர்களுக்கு நாற்பது கோட்டு தைக்கவேண்டும், ஆறு மாத வேலை, அதன்பிறகும் வேலை இருக்கும், காலருக்கு இப்படி ஒரு கை கிடைக்காமல்தான் அலைகிறேன் என்றார். நீங்கள் டீச்சர், வேலையை விட்டுவிட்டு வரமாட்டீர்கள், உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார்.

என் கை வேதாக்காவின் கைக்குள் இருந்தது. அந்தப் பிடி கொஞ்சம் இறுகியதை உணர்ந்தேன். இவர்தான் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொல்லித்தந்தவர் என்று மட்டும் சொன்னால்கூட என் மானத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது, அவருக்கு வேலையும் கிடைத்திருக்கும். ஆனால் அடுத்த கேள்வி வருமே, கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறதே என்று பயம். "யாரும் இல்ல மேடம். வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்" என்றேன். வேதாக்கா என் கையை மெதுவாக விட்டார்.

முதல் இடம் எனக்குத்தான் கொடுத்தார்கள். கோட்டோடு கிரேக்கும் நானும் நிற்கிற போட்டோவை, கிரேக்கின் போனை வாங்கி எடுத்தது வேதாக்கா. இன்னும் கொஞ்சம் சிரியுங்கள் டீச்சர் என்றும் சொன்னார். அந்தப் போட்டோ இன்னும் போனில் இருக்கிறது, நான் திறப்பதில்லை.

திரும்பும் வழியில் வடாபாவ் வாங்கிச் சாப்பிட்டோம். வேதாக்கா மற்றவர்கள் தைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அந்த நீலக் கோட்டின் பொத்தான் நன்றாக இருந்ததாம். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும், கிரேக் கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டார். மடிக்கவில்லை. "நீ சொல்லுவேன்னு நெனச்சேன், ஹெலினா" என்றார். அவ்வளவுதான், சண்டைகூடப் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில், எங்கள் சர்ச்சில்தான், திருவிருந்துக்கு எழுந்து போக என்னால் முடியவில்லை. முட்டிபோட்டு அப்பத்துக்குக் கையை நீட்டவேண்டுமே, அந்தக் கையை எப்படி நீட்டுவது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயரின் மனைவி வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். பிரஷர் என்றேன். எத்தனையாவது பொய் என்று எண்ணுவதை அதோடு விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் வேதாக்கா வீட்டுப் படியேறினேன். ஆஷா மேடத்தின் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அக்கா, நான் செய்தது பெரிய தப்பு, இப்போதே போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அந்த வேலைக்குப் போங்கள் என்றேன். வேதாக்கா ஹூக் தைத்துக்கொண்டிருந்த பிளவுஸைக் கீழே வைத்தார்.

"வேணாம் டீச்சர். அந்தம்மா மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லிட்டேன், விரல் சுட்டுடுச்சுன்னு. இப்ப நான்தான் தச்சேன்னு போய் நின்னா, பொய் சொல்றவன்னுதான அவங்க நெனப்பாங்க? எனக்கு வெக்கமா இருக்குது."

வெட்கம் அவருக்காம். நான் அங்கே நின்றுகொண்டிருக்கிறேன், எனக்கு முன்னால் உட்கார்ந்து அவர் தலைகுனிகிறார். கலியன் உள்ளேயிருந்து யாரு என்று கேட்டார். டீச்சர், சும்மா வந்தாங்க என்று சொன்னார் வேதாக்கா. சீட்டைத் தையல் பெட்டிமேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஒரு மணி நேரம் எழுதினேன். காலர், நெஞ்சு, கைகள் எல்லாம் வேதநாயகி தைத்தது, நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன், முதல் இடத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதினேன். வேதாக்காவின் கூச்சத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். விரலில் சூடு பட்டதாகச் சொல்லும்படி நான்தான் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன், என் பேச்சைத் தட்டமுடியாமல் சொன்னார், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சேர்த்தேன். அது பொய்தான். ஆனால் நல்ல பொய் என்று நினைத்தேன். பாரத்தை என் தலையில் ஏற்றிக்கொண்டேனே என்று மனதுக்குக் கொஞ்சம் நிறைவாகக்கூட இருந்தது.

இரண்டு பேர் குழுவைவிட்டு வெளியேறினார்கள். ஒருவர் மானங்கெட்ட வேலை என்று எழுதினார். ஆனால் மற்றவர்கள் இதயமும் கும்பிட்ட கையுமாக அனுப்பித் தள்ளினார்கள். எவ்வளவு துணிச்சல், எவ்வளவு பெரிய மனசு என்று பல் டாக்டர் எழுதினார். கோட்டுக்கு வந்ததைவிட மன்னிப்புக்கு வந்த இதயங்கள் அதிகம். நான் அன்றைக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். இதைச் சொல்லவே நா கூசுகிறது, ஆனால் பார்த்தேன்.

மறுநாள் ஆஷா மேடமே அதைப் படித்துவிட்டு வேதாக்காவைத் தேடி வந்து, பட்டறைக்கு அழைத்துப் போனார் என்று கிரேக்தான் வந்து சொன்னார். கலியன் தெருவில் எல்லாருக்கும் பேடா கொடுத்தாராம். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மறந்திருப்பார் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, வேதாக்கா என்னுடைய புடவைகள் இரண்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஃபால் வைக்கக் கொடுத்து எத்தனையோ நாளாகக் கிடந்தவை. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். கிரேக் டீ போட்டுக் கொண்டுவந்தார். பட்டறையைப் பற்றிக் கேட்டேன். ஆறு கோட்டு முடிந்துவிட்டதாம், மூன்று பெண்களைக் கூடப் போட்டிருக்கிறார்களாம், மேடம் நல்ல மாதிரியாம். இனிமேல் நேரம் இருக்காது, ஃபாலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குள் ஒரு அல்பம், நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்துக்கொண்டிருந்தது.

வேதாக்கா டம்ளரைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். நீங்கள் குழுவில் எழுதினதை ஆஷா மேடம் எனக்கு இந்தியில் படித்துச் சொன்னார்கள் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கமாக.

"காலர் போனா போவுது டீச்சர், அது கூலி வாங்கிக்கினு தச்சது. ஆனா அன்னைக்கு அத்தினி பேர் முன்னாடி நீங்க முழிச்சுக்கினு நின்னப்போ, மனசு கேக்காம விரல் சுட்டுடுச்சுன்னு சொன்னேன் பாருங்க, அது யாரும் சொல்லிக்குடுத்து சொல்லல. நானா உங்களுக்காகச் செஞ்சது. அதயும் உங்க பேர்லயே எழுதிக்கினீங்களே."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கினார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதையும் அழகாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து மூடிக்கொண்டேன்.